மருந்துவாழ் மலையும் நம் இருபது தாள்களும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், தாவரவியல் மாணவன்)

மலை ஏறுவோரில் பல வகையினர் உண்டு. காற்று வாங்க ஏறுவோர் ஒரு சாரார். கடவுளைத் தொழ ஏறுவோர் மற்றொரு சாரார். உச்சியில் நின்று கடலைக் காண ஏறுவோர் இன்னொரு சாரார். தாவரவியல் மாணவர்களாகிய நாங்கள் சென்ற மார்கழியில் மருந்துவாழ் மலையில் ஏறியது இவற்றுள் எதற்காகவும் அன்று. மதிப்பெண்ணுக்காக ஏறினோம். இதை மறைப்பதில் பயனில்லை. ஏறியவர்களுள் நானும் ஒருவன். செடி பிடுங்கியவர்களுள்ளும் நான் ஒருவன். ஆகவே இக்கட்டுரை யாரையேனும் குறை கூறுவதாகத் தோன்றினால், அக்குறையில் முதற்பங்கு என்னுடையது என்று கொள்ளுமாறு பேராசிரியப் பெருமக்களையும் மாணவ நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் இம்மலையைக் கண்டிருப்பார்கள். பொற்றையடியை நெருங்கும்போது, வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் மேலே பாறையும் பச்சையுமாக எழுந்து நிற்கும். தபதி ஆற்றுப் பக்கம் தொடங்கி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடிவரும் மேற்குத் தொடர்ச்சி மலை, கடலைக் கண்டு நின்றுவிட்ட இடம் இதுதான் என்று எங்கள் பக்கத்தில் பெருமையோடு சொல்வார்கள். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது சிதறி விழுந்த துண்டு இது என்பது ஊரார் சொல்லும் கதை. 1888-ஆம் ஆண்டு அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, அதற்கு முன்பு இம்மலையின் பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தார் என்பர்.

கதையை நம்பாதவர்களுக்கும் இம்மலைக்கு இப்பெயர் பொருந்தும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. குமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் நிலம். வெயில் சுடும் பாறைமேல் கள்ளியும் பிரண்டையும் வாழ்கின்றன; சற்றுத் தள்ளி, ஈரம் தங்கும் பாறை இடுக்கில் வேறு வகைச் செடிகள் வாழ்கின்றன. பத்தடி நடந்தால் பாடம் மாறுகிறது. தாவரவியல் மாணவனுக்கு இதைவிட நல்ல வகுப்பறை வேறு எங்கே கிடைக்கும்?

அந்த வகுப்பறைக்கு நாங்கள் எப்படிப் போனோம் என்பதைக் கேளுங்கள். மாணவர் 38 பேர்; பேராசிரியர் இருவர். ஆளுக்கு ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள், ஒரு கத்தரிக்கோல், ஒரு பிளாஸ்டிக் பை. நான்கு பேருக்கு ஒரு களைக்கொத்து. ஆளுக்கு இருபது உலர்தாவரத் தாள் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. சிறு செடியானால் வேர், தண்டு, இலை, பூ எல்லாம் தாளில் இருக்க வேண்டும் என்பதும் விதி. 38-ஐ 20-ஆல் பெருக்கினால் 760. அன்று காலையில் இந்தப் பெருக்கலை எங்களுள் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் படிகள் உண்டு. அவை முடிந்ததும் பாறைமேல் நடை. இருபுறமும் சரிவு உயர, நடுவே மழைத்தண்ணீர் இறங்கும் பள்ளத்தை ஒட்டி வழி ஏறுகிறது. முதல்நாள் பெய்த மழையில் பாறை வழுக்கியது. பள்ளத்துக்குள் காற்று இல்லை; மூச்சு வாங்கியது. ஆனால் அந்தப் பள்ளத்தில்தான் செடிகள் செழித்திருந்தன. ஒரு வளைவில், புதரின் மேல் தொற்றி ஏறி, கடைசியாக மிஞ்சிய ஒரு பூவோடு செங்காந்தள் நின்றது. நெருப்புப் பற்றியது போன்ற அந்தப் பூவைக் கண்டதும் எல்லாரும் ஒரு கணம் நின்றோம். தமிழ்நாட்டின் மாநில மலர் அல்லவா! நின்றது ஒரு கணம்தான். அடுத்த கணம் களைக்கொத்து இறங்கிவிட்டது.

செங்காந்தளின் கிழங்கு கலப்பை போலக் கவர்பட்டிருக்கும். ஆகவே கலப்பைக் கிழங்கு என்றும் அதற்குப் பெயர். ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரே ஒரு முளை உண்டு. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கவர் முளைக்காது. இதை நான் அன்றே அறிந்திருக்கவில்லை. திரும்பி வந்து நூலகத்தில் படித்துத்தான் அறிந்தேன். எங்கள் களைக்கொத்தில் கிழங்கு மூன்று துண்டாக வந்தது. ஒரு துண்டு ஒரு தாளுக்குப் போயிற்று. மற்ற இரண்டும் வழியிலேயே கிடந்தன.

அதற்கு மேல் ஒரு நூறு அடி ஏறியிருப்போம். “நன்னாரி, நன்னாரி!” என்று ஒரு குரல். கடையில் சர்பத்தாகக் குடித்திருக்கிறோமே தவிர, எங்களுள் பலர் அதைக் கொடியாகக் கண்டதில்லை. மெல்லிய கொடி, இலையின் நடுவே வெள்ளைக்கோடு, மண்ணுக்குள் மணக்கும் வேர். எல்லாரும் ஓடினோம். ‘ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ்’ என்று ஒருவன் உரக்கச் சொல்ல, அனைவரும் குறித்துக்கொண்டோம். நான் பிடித்து இழுத்த கொடி பாதியில் அறுந்தது. வேர் இல்லாத கொடிக்கு மதிப்பெண் குறையுமே என்று இன்னொன்றைத் தோண்டினேன். அதுவும் முழுதாக வரவில்லை. மூன்றாவதுதான் சரியாக வந்தது. சுற்றிலும் சர்பத்துக் கடை போல மணம் எழுந்தது. “போதும், போதும்” என்று பேராசிரியர் ஒருவர் கூவினார். ஆனால் இருபது தாள் என்ற விதி அவர் குரலைவிட உரத்த குரலில் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் நன்னாரி இல்லை.

உச்சியை அடைந்தபோது நண்பகல். அங்கே நின்று கண்ட காட்சியை நான் வருணிக்கத் தேவையில்லை. எல்லாத் திசையிலும் விரிந்து கிடந்தது. வடக்கே வயலும் குளமும், அவற்றுக்கு அப்பால் நீல நிறத்தில் மலைத்தொடர். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள். தெற்கே கன்னியாகுமரி, 1970-இல் எழுந்த விவேகானந்தர் பாறை நினைவு மண்டபமும், 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையும் கைவிரல் அளவில் தெரிந்தன. அவற்றைச் சூழ்ந்து கடல், கடல், கடல்.

தென்மேற்கே, சுவாமித்தோப்புப் பக்கம், தென்னைகளுக்கு இடையே சதுரம் சதுரமாக எதுவோ மின்னியது. “அது என்னடா, கண்ணாடித் துண்டை அடுக்கி வைத்த மாதிரி?” என்று என் அருகே நின்ற வெளியூர் நண்பன் கேட்டான்.

அது உப்பளம். மழைத்தண்ணீர் நிறைந்து, வேலை நின்று கிடக்கும் உப்பளம். என் தந்தையார் உப்பு வாரும் அளம். என் தாயார் உப்புக் கூடை சுமக்கும் அளம். என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய அளம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சதுரங்களை நான் இருபது ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து கண்டிருக்கிறேன். மேலிருந்து கண்டது அன்றுதான். “தெரியலடா” என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றுவரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நன்னாரியின் இலத்தீன் பெயர் தெரியும் என்று காட்டிக்கொள்ள வெட்கப்படாதவன், உப்பளத்தின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டேன். நண்பனிடம் அதன்பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அது பெரிதாக இருந்தது.

அன்று மாலை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கொண்டுவந்த செடிகளைச் செய்தித்தாளில் விரித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். நன்னாரி வேரை எடுத்து மோந்தார்.

“இத எதுக்கு மக்களே வேரோட பறிச்ச?”

“படிப்புக்குப்பா. தாள்ல ஒட்டிக் குடுக்கணும்.”

“நீங்க எத்தன பேரு படிக்கிய?”

“முப்பத்தெட்டுப் பேரு.”

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பம் மலை எத்தன வருசத்துக்குக் காணும்?” என்றார்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் தந்தை. நாங்கள் 38 பேரும் போடாத பெருக்கலை அவர் ஒரு நொடியில் போட்டுவிட்டார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எனக்குத்தான் பத்து வயதில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

உப்பளத்தில் மழை ஓய்ந்ததும் முதல் வேலை தரையை மிதிப்பது. பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். பிறகுதான் வெயிலில் காய்ந்து கனத்த நீரை அதில் பாய்ச்சுவார்கள். நீரின் அடர்த்தி ஏறத்தாழ 25 டிகிரி போமே ஆகும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். அந்த உப்பை மரப்பலகையால் வாரவேண்டும். வாரும்போது உப்பு மட்டும் வரவேண்டும், தரை பெயரக்கூடாது. பெயர்ந்தால் அன்றைய உப்பில் மண் கலந்துவிடும், பாத்தியும் கெட்டுவிடும். ஒரு கோடை விடுமுறையில் நான் ஆசையாகப் பலகையை வாங்கி அழுத்தி இழுத்தேன். வெள்ளை உப்போடு கறுப்பு மண் குழைந்து வந்தது. “உப்பத்தான் எடுக்கணும் மக்களே, தரைய எடுக்கப்பிடாது” என்றார் அப்பா. தரை இருந்தால் அடுத்த வாரமும் உப்பு உண்டு, அடுத்த ஆண்டும் உண்டு. அதுதான் அந்தத் தொழிலின் முதற்பாடம்.

மருந்துவாழ் மலையில் நாங்கள் எடுத்தது உப்பை அன்று, தரையை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். உலர்தாவரத் தாள் வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. அது தாவரவியலின் முதுகெலும்பு. 1753-இல் ‘ஸ்பீசிஸ் பிளாண்டேரம்’ எழுதிய லின்னேயசு உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைத்துப் படித்தவர். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் போற்றிப் பாதுகாக்கும் சென்னை உலர்தாவரகம் இல்லாவிட்டால், தென்னாட்டுச் செடிகளைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பதில் பாதி தெரிந்திருக்காது. காம்பிள் தொடங்கி 1915 முதல் 1936 வரை வெளிவந்த சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சியில் 1967-இல் இராப்பினாட் உலர்தாவரகத்தைத் தோற்றுவித்த கே. எம். மத்தேயு அடிகளாரின் நூல்களும் இத்தகைய தாள்களின் மேல் எழுந்த மாளிகைகளே. அந்தத் தாள் ஒவ்வொன்றிலும் இடம், நாள், சேகரித்தவர் பெயர், செடி நின்ற சூழல் ஆகியவை இருக்கும். சேகரித்தவர் மறைந்த பிறகும் தாள் பேசும்.

நம் தாள்கள் எவ்வளவு காலம் பேசுகின்றன? நண்பர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். செய்முறைத் தேர்வு நாளில் மேசைமேல் இருக்கும். தேர்வாளர் புரட்டுவார், நான்கு கேள்வி கேட்பார், கையெழுத்திடுவார். அதன்பின் அந்தக் கட்டு எங்கே போகிறது? மூலையில் அடுக்கப்படுகிறது, இராமபாணப் பூச்சி தின்கிறது, இடம் போதாதபோது வெளியே எறியப்படுகிறது. சில தாள்கள் பிழைக்கின்றன. அவை எப்படிப் பிழைக்கின்றன என்பதும் நமக்குத் தெரியும். மேல்வகுப்பு அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்து, மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் மாறி, மறுபடியும் தேர்வுக்குப் போகின்றன. அத்தகைய தாள் எதைக் கற்பிக்கிறது? ஒட்டுவதற்குப் பசை எங்கே மலிவு என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதைப் பற்றிப் பேராசிரியர் ஒருவரிடம் துணிந்து பேசினேன். அவர் சினம் கொள்ளவில்லை. “நானும் இப்படித்தான் படித்தேன். பாடத்திட்டம் கேட்கிறது. செடியைத் தொடாமல் செடியைப் படிக்க முடியாது. உன்னிடம் மாற்றுவழி இருந்தால் எழுது” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. படத்தைப் பார்த்துச் சூல்பையின் அறைகளை எண்ண முடியாது. கைபேசியில் எடுத்த படம் நன்னாரியின் மணத்தைத் தராது. விரலால் தொட்டு, ஊசியால் பிரித்து, உருப்பெருக்கியில் பார்த்துத்தான் தாவரவியல் கற்க வேண்டும். ஐயமில்லை. ஆனால் தொடுவதற்கும் பிடுங்குவதற்கும் இடையே நிறைய இடம் இருக்கிறது. ஒரு பூவைக் கிள்ளிச் சூல்பையை வெட்டிப் பார்க்கலாம். கிழங்கு மண்ணிலேயே இருக்கட்டும்.

நம் பக்கத்துத் துறையைப் பாருங்கள். விலங்கியல் மாணவர்கள் தவளையை அறுத்துப் படித்த காலம் ஒன்று இருந்தது. அறுக்காவிட்டால் விலங்கியலே இல்லை என்று அன்று சொல்லப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்கு அறுவையைப் படிப்படியாகக் குறைக்க நெறிமுறை வகுத்தது. 2014-இல் அதை முற்றாக நிறுத்தச் சொன்னது. விலங்கியல் துறை மூடப்பட்டுவிடவில்லை. தவளைக்குக் கிடைத்த இரக்கம் செங்காந்தளுக்கும் கிடைக்கலாகாதா? செடி கத்துவதில்லை என்பது அதன் குற்றமா?

பேராசிரியர் கேட்ட மாற்றுவழியாக எனக்குத் தோன்றியவற்றை இங்கே பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது: பிடுங்கிப் பழக வேண்டுமானால் அதற்கென்றே சில செடிகள் காத்திருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் நிலத்தை ஆக்கிரமித்த பார்த்தீனியம், உண்ணிச்செடி, வெட்டுக்காயப் பூண்டு, சீமைக் கருவேலம் ஆகியவை அவை. பார்த்தீனியம் 1950-களில் இந்தியாவில் கண்டறியப்பட்டு, இன்று நாடெங்கும் பரவிவிட்டது. அழுத்துபலகையில் வைப்பது, தாள் மாற்றுவது, தைப்பது, பெயர்ச்சீட்டு எழுதுவது ஆகிய எல்லாப் பயிற்சியையும் இவற்றில் பெறலாம். வேரோடு பிடுங்குங்கள், பத்தாகப் பிடுங்குங்கள், நாடு நன்றி சொல்லும். பார்த்தீனியத்தைத் தொடும்போது கையுறை மட்டும் மறவாதீர்கள். சிலருக்குத் தோல் அரிக்கும்.

இரண்டாவது: மலைச்செடிகளுக்கு வகுப்புக்கு ஒரு தாள் போதும். நன்னாரி ஒன்று, அதுவும் நிறைய இருக்கும் இடத்திலிருந்து. பேராசிரியர் முன்னிலையில் ஒரே செடி எடுக்கப்படட்டும். அதைச் செம்மையாகப் பதப்படுத்தித் துறையின் இரும்பு அலமாரியில் வைப்போம். தாளில் 38 பேர் பெயரும் இருக்கட்டும். பத்து ஆண்டில் நம் துறைக்கென்று ஓர் உலர்தாவரகம் உருவாகிவிடும். முப்பத்தெட்டு மோசமான தாள்களைவிட ஒரு நல்ல தாள் மேல் அன்றோ? செங்காந்தள் போலக் கிழங்கை நம்பி வாழும் செடியை எடுக்கவே வேண்டாம். மருந்துக்காக அதைத் தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் வயலில் பயிரிடுகிறார்கள். குரோமோசோம்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் கோல்ச்சிசின் பற்றி உயிரணுவியலில் படிக்கிறோமே, அது இதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பது. நமக்கு ஒரு கிழங்கு வேண்டுமானால் வயலிலிருந்து வரவழைத்துத் துறைத் தோட்டத்தில் நட்டு வளர்க்கலாமே!

மூன்றாவது: மாணவன் ஒப்படைக்க வேண்டிய இருபது தாளை இருபது பக்கக் குறிப்பேடாக மாற்றலாம். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம். செடி நின்ற இடம், நாள், பாறையா மண்ணா, வெயிலா நிழலா, அருகில் என்ன செடி, பூவில் என்ன பூச்சி என்ற குறிப்புகள். கையால் வரைந்த படம். ஒரு பூவைப் பிரித்துக் கண்ட விவரம். இதை அண்ணனிடமிருந்து வாங்கிப் பெயர்ச்சீட்டு மாற்ற முடியாது. மலைக்குப் போகாதவனால் எழுதவும் முடியாது.

நான்காவது: அந்தப் பக்கத்தில் ஊரார் வழங்கும் பெயரும், அதைச் சொன்னவர் யார் என்பதும் இருக்க வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். செங்காந்தளை லிலியேசி என்று பெந்தாம், ஹூக்கர் முறைப்படி படிக்கிறோம். இக்கால வகைப்பாட்டில் அது கோல்ச்சிகேசி. குடும்பப் பெயர் மாறிவிட்டது. கலப்பைக் கிழங்கு என்று சொன்னவர்களின் பெயர் மாறவில்லை. அந்தப் பெயரிலேயே கிழங்கின் வடிவமும் இருக்கிறது. மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களுக்கும், புல்லறுப்பவர்களுக்கும், கைவைத்தியம் அறிந்த முதியவர்களுக்கும் தெரிந்தவை எங்கும் ஏறாமல் அவர்களோடு போய்விடுகின்றன. அவர்கள் நம்மில் பலருக்கு உறவினர்கள். நம் வகுப்பில் என்னைப் போல முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். நம் வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டு எழுதினால் மதிப்பெண் உண்டு என்று ஒரு விதி வரட்டும். பிறகு எந்த மாணவனும் மலை உச்சியில் நின்றுகொண்டு தன் வீட்டை ‘தெரியாது’ என்று சொல்ல மாட்டான்.

ஐந்தாவது: குறிப்பேடு தேர்வோடு முடியக்கூடாது. முன்னால் போனவர் எழுதியதை அடுத்து வருபவர் கையில் எடுத்துக்கொண்டு அதே பள்ளம் வழியாக ஏறட்டும். அதே வளைவில் செங்காந்தள் இருக்கிறதா, எத்தனை கொடி, எப்போது பூத்தது என்று பார்க்கட்டும். இல்லையானால் இல்லை என்று எழுதட்டும். ஓராண்டில் அது ஒரு குறிப்பு. இருபது ஆண்டில் அது ஒரு மலையின் வரலாறு. பெரிய ஆய்வு நிறுவனங்கள் கோவையில் இருக்கலாம், கொல்கத்தாவில் இருக்கலாம். ஆனால் மருந்துவாழ் மலை நம் பேருந்துச் சீட்டின் தொலைவில் இருக்கிறது. ஆண்டுதோறும் அதில் ஏறி இறங்கும் வாய்ப்பு நம்மைப் போல வேறு யாருக்கு உண்டு?

“முப்பத்தெட்டுப் பேர் பிடுங்குவதாலா மலை மொட்டையாகிவிடும்? வேர் வியாபாரி மூட்டை மூட்டையாகக் கொண்டுபோகிறான்; காட்டுத்தீ எரிக்கிறது; அவர்களைப் போய்க் கேள்” என்று என் வகுப்புத் தோழர் சிலர் வாதிட்டனர். நியாயமான வாதந்தான். எங்கள் களைக்கொத்தைவிடப் பெரிய களைக்கொத்துகள் உண்டு. ஆனால் வியாபாரிக்கு வயிற்றுப்பாடு என்ற ஒரு காரணமாவது இருக்கிறது. தீக்கு அறிவு இல்லை. நாம் தாவரவியல் படிப்பவர்கள். ஒரு செடி எப்படி முளைக்கிறது, எப்படி அழிகிறது என்று தெரிந்துகொள்ள அரசு நமக்காகச் செலவிடுகிறது. தெரிந்தவன் செய்யும் பிழைக்கும் தெரியாதவன் செய்யும் பிழைக்கும் ஒரே எடைக்கல் ஆகாது. நாளை நம்முள் சிலர் ஆசிரியராவோம். சிலர் வனத்துறைத் தேர்வு எழுதுவோம். பிடுங்காதே என்று பிறரிடம் சொல்ல வேண்டிய நாள் வரும்போது, நம் கையில் மண் ஒட்டியிருக்கக்கூடாது.

மீண்டும் ஒருமுறை அந்த மலைக்குப் போய்வந்தேன். இம்முறை தனியாக, தை கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. களைக்கொத்து இல்லை, ஒரு குறிப்பேடும் பென்சிலும் மட்டும். பள்ளம் காய்ந்திருந்தது. நன்னாரி இருந்த இடத்தில் குழி குழியாக மண் கிடந்தது. ஆனால் ஒரு பாறை ஓரத்தில், எங்கள் கண்ணில் படாமல் தப்பிய ஒரே ஒரு கொடி, விரல் நீளத்துக்குப் புதுத்தளிர் விட்டிருந்தது. அதன் முன் அமர்ந்து அரைமணி நேரம் வரைந்தேன். இலையின் வெள்ளைக்கோடு எங்கே தொடங்குகிறது, எதிரெதிர் இலைகள் எப்படி அமைகின்றன என்று அன்றுதான் உண்மையாகக் கண்டேன். மார்கழியில் மூன்று கொடியைப் பிடுங்கியபோது காணாததை, ஒன்றையும் தொடாமல் கண்டேன்.

உச்சிக்கும் ஏறினேன். தென்மேற்கே சதுரங்களில் மழைத்தண்ணீர் வற்றியிருந்தது. புள்ளி புள்ளியாக ஆட்கள். தரை மிதிக்கும் நாள் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. அவற்றுள் எந்தப் புள்ளி என் தந்தை என்று அத்தனை உயரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

வரும் மார்கழியில் நம் துறை மீண்டும் அம்மலைக்குப் போகும். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஏறுவார்கள். அவர்கள் கையில் எதைக் கொடுத்து அனுப்பப் போகிறோம், களைக்கொத்தையா, குறிப்பேட்டையா? விதியை மாற்றும் அதிகாரம் பேராசிரியர்களிடமும் பாடத்திட்டக் குழுவிடமும் இருக்கிறது. மாற்றும்வரை காத்திராமல் ஒரு செடியையாவது அதன் இடத்தில் விட்டுவிட்டு வரும் உரிமை நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. உச்சியில் நின்று அவர்களுள் யாரேனும், “அந்தச் சதுரங்கள் என்ன?” என்று கேட்டால், இதைப் படித்தவர் எவரேனும் சொல்லுங்கள்: அவை உப்பளங்கள், உப்பை எடுத்துத் தரையைக் காப்பவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள்.